தயிரிலும் மீனிலும் உள்ள பெப்தைட்டுகள் குருதியமுக்கத்தைக் குறைக்குமா? அம்மா குளிசையை விட்டுவிட்டு இதை எடுக்கலாமா?

வெல்லாவெளி மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 64 வயதாகிறது. ஒன்பது ஆண்டுகளாக உயர் குருதியமுக்கத்துக்கு மருந்து எடுத்து வருகிறார். காலையில் எனலாப்ரில், இரவில் அம்லோடிபின் என்று இரண்டு குளிசைகள். மாதம் ஒருமுறை கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வாங்கி வருவார். சலரோகம் இல்லை. சென்ற ஆண்டு செய்த சிறுநீரகப் பரிசோதனையும் நன்றாகவே இருந்தது.

இரண்டு மாதங்களுக்கு முன் கனடாவிலிருந்து அண்ணன் ஒரு போத்தல் அனுப்பினார். சூரை மீனின் புரதத்திலிருந்து எடுத்த பெப்தைட்டுகள், அதாவது புரதத்தின் சிறு துண்டுகள், அதில் இருக்கின்றன என்றும், இது உணவுதான், மருந்து அல்ல, அதனால் பக்க விளைவு இல்லை என்றும் தொலைபேசியில் விளக்கினார். அம்மாவுக்கு ஏழெட்டு மாதங்களாக விடாத வறட்டு இருமல் உண்டு. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, ஆனால் நள்ளிரவில் பாயில் எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டே இருப்பார். எனலாப்ரில் குளிசைதான் இருமலைத் தருகிறது என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்து அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அலுமாரியைத் துப்புரவு செய்தபோது கிளினிக்கில் மருந்து போட்டுத் தரும் வெள்ளைக் கடதாசி உறைகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். மாதத்தின் கடைசி நாள் அது. முப்பது காலைக் குளிசைகளில் பத்தொன்பது அப்படியே இருந்தன. கேட்டேன். "அதுதான் மீன் குளிசை குடிக்கிறன்தானே மகள், ரெண்டும் எதுக்கு?" என்றார். தயிரிலும் இதே சத்து இருப்பதாக அண்ணன் சொன்னாராம். ஆகவே மதியம் ஒரு கோப்பை எருமைத் தயிரும் நடக்கிறது. அயலில் உள்ள தாதி ஒருவர் வந்து அளந்தபோது 164க்கு 96 இருந்தது.

உணவிலிருந்து வரும் இந்தப் பெப்தைட்டுகள் உண்மையிலேயே குருதியமுக்கத்தைக் குறைக்கின்றனவா, நம் ஊர்த் தயிரில் அவை இருக்கின்றனவா, குளிசையுடன் சேர்த்து எடுப்பதில் ஆபத்து உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அண்ணனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தொலைவில் இருந்துகொண்டு அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் அவரும் அனுப்பினார்.

கல்முனை மருந்தாளர் (ஓய்வு)

மகள், முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம்; இந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது கொப்பியையும், எண்ணிய உறைகளையும், அண்ணன் அனுப்பிய போத்தலையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள். குளிசை மிச்சம் இருப்பதை வைத்தியரிடம் மறைக்கவே வேண்டாம். மறைத்தால், மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நின்றவன் நான். அப்படிக் கூட்டிய பின் பயந்துபோய் எல்லாவற்றையும் ஒழுங்காக விழுங்கி, தலைசுற்றி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இனி இருமல். பக்கத்து வீட்டு மாமி சொன்னது சரியாக இருக்கக்கூடும். நம் குருதியில் அஞ்சியோடென்சின் 1 என்ற பெப்தைட்டு ஓடுகிறது. அதில் புரதத்தின் கட்டுமான அலகுகளாகிய அமினோ அமிலங்கள் பத்து உண்டு. ஏ.சீ.ஈ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நொதியம் அதன் நுனியிலிருந்து இரண்டை வெட்டிவிட, எட்டு மிஞ்சிய அஞ்சியோடென்சின் 2 உருவாகிக் குருதிக்குழாய்களை இறுக்கவும் உடலில் உப்பையும் நீரையும் தேக்கவும் தொடங்குகிறது. எனலாப்ரில் அந்த வெட்டும் நொதியத்தைத்தான் தடுக்கிறது. ஆனால் அதே நொதியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிரடிகைனின் என்ற பொருளை உடைத்து அகற்றுவது. நொதியத்தைத் தடுத்தால் பிரடிகைனினும் சேர்ந்து தேங்குகிறது. அதனால்தான் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வறட்டு இருமல் வருகிறது. பாணி மருந்து குடித்து இது நிற்காது. வைத்தியர் லொசார்ட்டன் போன்ற வேறு வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் நின்றுவிடும். அம்மா சகித்துக்கொண்டிருக்கத் தேவையே இல்லாத ஒரு தொல்லை இது. கிளினிக்கில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அதுவும் இதே குளிசையால் அரிதாக வரக்கூடியது.

அண்ணன் சொன்ன பெப்தைட்டுக்கும் இந்தக் குளிசைக்கும் ஓர் உறவு இருக்கிறது. பிரேசில் நாட்டின் ஜரராக்கா என்ற விரியன் பாம்பின் நஞ்சில், பிரடிகைனினின் வேலையைக் கூட்டும் பெப்தைட்டுகள் இருப்பதை 1965இல் செர்ஜியோ ஃபெரெய்ரா காட்டினார். அந்த நஞ்சிலிருந்து கண்டெடுத்த டெப்ரோடைட் என்ற ஒன்பது அமினோ அமிலப் பெப்தைட்டு மனிதரில் குருதியமுக்கத்தைக் குறைத்தது. ஆனால் வாயால் கொடுத்தால் குடலே அதைச் சீரணித்துவிடும் என்பதால் ஊசியாக மட்டுமே பயன்பட்டது. அதன் நுனியில் இருந்த புரோலின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒண்டெட்டி, குஷ்மன் என்ற இருவரும் வாயால் எடுக்கக்கூடிய சிறிய மூலக்கூறு ஒன்றை வடிவமைத்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கப்டோப்ரில் அதுதான். அம்மாவின் எனலாப்ரில் அதே குடும்பத்தில் பின்னர் வந்தது. எனவே "குளிசை இரசாயனம், பெப்தைட்டு இயற்கை" என்ற பிரிப்பு இந்த இடத்தில் பொருந்தாது. இரண்டும் ஒரே பூட்டுக்குச் செய்த திறப்புகள். ஒன்று நன்றாகப் பொருந்தும், மற்றது தளர்வாகப் பொருந்தும்.

வந்தாறுமூலை உணவியல்

மருந்தாளர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் உணவு விஞ்ஞானம் படித்து, இப்போது அதையே கற்பிப்பவள், வைத்தியர் அல்ல.

இந்தப் பெப்தைட்டுகள் கட்டுக்கதை அல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1979இலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜெலற்றினை நொதியத்தால் உடைத்து, ஏ.சீ.ஈ. நொதியத்தைத் தடுக்கும் துண்டுகளைப் பெற்றார்கள். 1995இல், லக்ரோபசிலஸ் ஹெல்வெற்றிக்கஸ் என்ற பற்றீரியாவைக் கொண்டு புளிக்கவைத்த ஜப்பானியப் புளிப்புப் பாலிலிருந்து இரண்டு பெப்தைட்டுகள் பிரிக்கப்பட்டன. ஒன்று வலின், புரோலின், புரோலின். மற்றது ஐசோலூசின், புரோலின், புரோலின். மூன்றே அமினோ அமிலங்கள். நுனியில் மீண்டும் புரோலின். பாலின் பிரதான புரதமாகிய கேசீனின் நீண்ட சங்கிலிக்குள் இவை ஏற்கெனவே ஒளிந்திருக்கின்றன. சங்கிலிக்குள் இருக்கும்வரை அவற்றால் எந்தப் பயனும் இல்லை. பற்றீரியாவோ வேறு நொதியமோ சரியான இடங்களில் வெட்டினால் மட்டுமே விடுபடுகின்றன. புரோலின் அடுத்தடுத்து வருவதால் நம் குடலின் நொதியங்களால் இவற்றை எளிதில் உடைக்க முடிவதில்லை. அதனால்தான் டெப்ரோடைட்டுக்கு நேர்ந்த கதி இவற்றுக்கு முழுமையாக நேர்வதில்லை. எனினும் குருதிக்குள் போய்ச் சேரும் அளவு மிகமிகச் சிறியது.

மீனிலும் இவ்வாறே. சூரை மீனை அவித்து, புகையிட்டு, உலர்த்தி ஜப்பானியர் செய்யும் கட்சுவோபுஷியை நொதியம் ஒன்றால் உடைத்தபோது ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு கிடைத்தது. அதில் ஒரு வியப்பு உண்டு: அந்த ஐந்தின் கடைசி இரண்டையும் ஏ.சீ.ஈ. நொதியமே வெட்டி எறிகிறது. மிஞ்சும் மூன்றும் முன்னையதைவிடப் பல மடங்கு வலுவாக அதே நொதியத்தை அடைக்கின்றன. வெட்ட வந்த கத்தியே தன் உறைக்குள் சிக்கிக்கொள்வது போன்றது இது. வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு அதே மகிழ்ச்சி. சாளை மீனிலிருந்து வலின், தைரோசின் என்ற இரட்டைத் துண்டும், எள்ளுப் புரதத்திலிருந்து வேறு துண்டுகளும் பெறப்பட்டு, ஜப்பானில் பானங்களாகவும் குளிசைகளாகவும் விற்கப்பட்டு வந்துள்ளன.

இனிமேல்தான் கவனம் தேவை. பரிசோதனைக் குழாயில் அளந்தால், கப்டோப்ரில் செய்யும் அதே தடுப்பைச் செய்வதற்கு இந்தப் பாற்பெப்தைட்டுகள் நூற்றுக்கணக்கான மடங்கு கூடுதலாகத் தேவைப்படுகின்றன. மனிதரில் செய்த ஆய்வுகளில், 1996இல் வெளிவந்த ஒன்று பெரிதும் பேசப்பட்டது: உயர் குருதியமுக்கம் உள்ள முதியவர்கள் 30 பேரில் ஒரு பகுதியினர் நாளொன்றுக்கு 95 மில்லிலீற்றர் புளிப்புப் பால் எட்டு வாரங்கள் குடித்தார்கள், அவர்களுடைய மேல் அமுக்கம் (இரண்டு எண்களில் பெரியது) ஏறக்குறைய 14 மில்லிமீற்றர் இறங்கியது. இந்த எண்ணைத்தான் விளம்பரங்கள் பிடித்துக்கொண்டன. அந்த முப்பது பேரிலும் பெரும்பாலோர் ஏற்கெனவே குருதியமுக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை விளம்பரம் சொல்வதில்லை. அதாவது, அங்கே பால் மருந்துக்கு மேலதிகமாகத்தான் வந்தது. மருந்தின் இடத்தை அது பிடிக்கவில்லை.

பின்னர் பல நாடுகளில் பல ஆய்வுகள் நடந்தன. 2011இல் அவற்றைச் சேர்த்துக் கணித்தபோது சராசரி இறக்கம் மேல் அமுக்கத்தில் 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆசியரில் ஏறக்குறைய 7, ஐரோப்பியரில் 1 அளவே. அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, இந்த இரண்டு பாற்பெப்தைட்டுகளுக்கும் குருதியமுக்கத்துக்கும் இடையே காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று முடிவு செய்தது. ஜப்பானில் விற்பனைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அதே பொருள் ஐரோப்பாவில் குருதியமுக்கத்துக்கு நல்லது என்ற வாசகத்தைப் போத்தலில் போட முடியாமல் நிற்கிறது. ஆசியர் என்பதால் நமக்கும் 7 கிடைக்கும் என்று கொள்வது அவசரம். அந்த ஆசிய ஆய்வுகள் பெரும்பாலும் ஜப்பானில் நடந்தவை; அவர்களுடைய உணவும் உடல்வாகும் நம்முடையவை அல்ல.

உங்கள் அம்மாவின் 164ஐ 7 குறைத்தாலும் 157 மிஞ்சும். குளிசை இல்லாமல் அது போதாது.

திருக்கோவில் கரையோரம்

மேலே எழுதியவர்களை மதிக்கிறேன். ஆனால் என் அனுபவத்தையும் சொல்ல விரும்புகிறேன். எனக்கு முதல் நாள் 152 இருந்தது. வைத்தியர் மருந்து எழுதவில்லை. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த மாதம் முழுவதும் இரவுச் சோற்றை விட்டுத் தயிர் மட்டும் சாப்பிட்டேன். திரும்பப் போனபோது 138. தயிரால் குறைந்தது என்றே நான் நம்புகிறேன். இதை ஏன் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை?

வந்தாறுமூலை உணவியல்

கணக்கில் எடுக்க வேண்டிய அனுபவம்தான், அண்ணா. ஆனால் அந்த ஒரு மாதத்தில் மாறியது தயிர் மட்டுமல்லவே. இரவுச் சோற்றை விட்டபோது அதனுடன் வரும் கருவாட்டுக் குழம்பையும் சம்பலையும் அப்பளத்தையும் சேர்த்தே விட்டிருக்கிறீர்கள். உப்புப் பெரிதும் குறைந்திருக்கும், உடல் எடையும் சற்று இறங்கியிருக்கும். இன்னொன்றும் உண்டு. முதல் முறை அளக்கும்போது, வரிசையில் நின்று, வெயிலில் வந்து, பயத்துடன் கையை நீட்டுவதால் எண் கூடத்தான் வரும். இரண்டாம் மூன்றாம் முறை ஒன்றும் செய்யாமலேயே இறங்கும். ஆய்வுகளில் ஒரு குழுவுக்குப் பெப்தைட்டு உள்ள பாலையும் இன்னொரு குழுவுக்கு அது இல்லாத, அதே சுவையுள்ள பாலையும் கொடுத்து ஒப்பிடுவது இந்தக் காரணத்துக்காகத்தான். பெப்தைட்டு இல்லாத பாலைக் குடித்தவர்களுக்கும் சில மில்லிமீற்றர் இறங்குவது வழமை.

உங்களுக்கு 138 வந்தது நல்லதுதான். அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். அதைக் கண்டு 164 உள்ள ஒருவர் குளிசையை நிறுத்தக்கூடாது என்பதே என் கவலை.

நிந்தவூர் வாசகர்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். மீனைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் வாப்பாவுக்கு மாசி, அதாவது அவித்துப் புகையிட்டு உலர்த்திய சூரை மீன், என்றால் உயிர். உம்மா இடித்த மாசிச் சம்பல் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. "மாசியும் ஜப்பான்காரன் சாப்பிடுகிற அதே சூரைதானே, பிரஷருக்கு நல்லதாம்" என்று எங்கோ கேட்டுவந்து, அளவைக் கூட்டினார். மீன் ஒன்றுதான், அவிப்பதும் புகையிடுவதும் உலர்த்துவதும் ஒன்றுதான். ஆனால் மேலே சகோதரி எழுதியதைக் கவனியுங்கள்: அங்கே பெப்தைட்டு வந்தது கட்சுவோபுஷியை நொதியத்தால் உடைத்த பிறகு. அப்படியே இடித்துச் சம்பல் போட்டால் கிடைப்பது நல்ல புரதம்; அதனுடன் உப்பு. மாசி அவிக்கும்போதே உப்புச் சேர்கிறது. பிறகு சம்பலுக்கு நாம் இன்னொரு முறை போடுகிறோம். கருவாட்டைச் சொல்லவே தேவையில்லை. உப்பைக் கழுவி எடுத்தாலும் உள்ளே ஊறியது போகாது.

ஒருநாள் சுபஹுக்கு எழும்பிய வாப்பாவுக்கு வலது கையில் உணர்ச்சி இல்லை. பாரிசவாதம். வைத்தியசாலையில் அளந்தபோது 200க்கு மேல் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று நடக்கிறார். ஆனால் வலது கையால் சோறு பிசைய முடிவதில்லை. சம்பல் இடித்த அந்த உரல் இன்னும் எங்கள் குசினி மூலையில் கிடக்கிறது. உம்மா அதைத் தொடுவதில்லை.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டி. எங்கள் வீட்டில் வாப்பாவின் ஒரு நேரச் சாப்பாட்டிலேயே அது முடிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். சகோதரி, அம்மாவின் போத்தலைப் பார்ப்பதற்கு முன் அம்மாவின் தட்டைப் பாருங்கள். சூடையும் கீரியும் சாளையும் நம் கரையில் பச்சையாகவே கிடைக்கின்றன. எலுமிச்சம் புளி விட்டு, மிளகு போட்டு ஆணம் காய்ச்சினால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. உம்மா இப்போது அப்படித்தான் காய்ச்சுகிறார்.

படுவான்கரைப் பட்டிக்காரன்

தயிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், தங்கச்சி. எங்கள் அப்பா காலத்திலிருந்து எருமைப் பட்டி வைத்துத் தயிர் போடுகிறோம். விஞ்ஞானம் எனக்குத் தெரியாது, தயிர் தெரியும்.

பாலைப் பொங்கக் காய்ச்சி, சுண்டுவிரலை வைத்தால் பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிட்டு, முதல்நாள் தயிரில் உறை எடுத்துக் கலக்கிச் சட்டியில் ஊற்றுகிறோம். கோடையில் ஐந்தாறு மணித்தியாலத்தில் உறைந்துவிடும். மாரியில் குளிர்காற்று அடித்தால் விடிய வேண்டும், சாக்கால் போர்த்தியும் விடுவோம். மண்சட்டி நீரைக் கொஞ்சம் உறிஞ்சிக் கொள்வதால்தான் கவிழ்த்தாலும் விழாத கட்டி வருகிறது. இந்த உறையில் என்ன பற்றீரியா இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. என் உறையும் அடுத்த பட்டிக்காரனின் உறையும் ஒன்றல்ல என்பதை வாயில் வைத்தவுடன் சொல்லிவிடலாம். ஒன்று இனிப்போடு நிற்கும், மற்றது இரண்டாம் நாளே பல் கூசப் புளிக்கும். ஆகவே ஜப்பான்காரர் ஒரு குறிப்பிட்ட பற்றீரியாவைப் போட்டு, அளந்து செய்த பாலில் இருந்தது நம் சட்டியிலும் அதே அளவில் இருக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. இருக்கக்கூடும், எவ்வளவு என்பதைத்தான் சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த இன்னொன்று, தயிரைச் சனங்கள் எதனுடன் சாப்பிடுகிறார்கள் என்பது. சிலர் சட்டித் தயிரில் பாதிக்குப் பாதி பாணி ஊற்றுகிறார்கள், அல்லது கைநிறையச் சீனி. சிலர் மோராக அடித்து உப்பும் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுச் செம்பு செம்பாகக் குடிக்கிறார்கள். தயிர் நல்லது என்று சொல்லிக்கொண்டு மோர்மிளகாயைப் பொரித்துக் கடித்தால் நல்லது எங்கே மிஞ்சும்? எருமைத் தயிரில் கொழுப்பும் அதிகம். வயதான அம்மாவுக்கு ஒரு சின்னக் கோப்பை போதும். வெறும் தயிராக, சோற்றின் கடைசிக் கவளத்துக்கு. விற்கிறவன் நான், கூடச் சாப்பிடச் சொன்னால் எனக்குத்தான் இலாபம், ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

வெல்லாவெளி மகள்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு விடயங்கள் மட்டும் இன்னும் தெளிவாக வேண்டும். குளிசையை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் அந்தப் போத்தலையும் எடுத்தால் கெடுதி உண்டா? அடுத்தது, அம்மா தினமும் ஒரு செவ்விளநீர் குடிப்பார். அதுவும் பிரஷரைக் குறைக்கும் என்று சொல்கிறார்கள்.

கல்முனை மருந்தாளர் (ஓய்வு)

இரண்டும் ஒரே நொதியத்தில் வேலை செய்வதால், சேர்த்து எடுக்க வேண்டுமா என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம். மீன் ஒவ்வாமை உள்ளவருக்கு அது அறவே கூடாது.

இளநீரைக் கேட்டது நல்லதாயிற்று. அதில் பொற்றாசியம் நிறைய உண்டு. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் மேலதிகப் பொற்றாசியம் வெளியேறிவிடும். ஆனால் எனலாப்ரிலும் லொசார்ட்டனும் பொற்றாசியத்தை உடலில் தேக்கக்கூடியவை. சிறுநீரகமும் பழுதாக இருந்தால் அது இதயத்தின் துடிப்பையே குழப்பும் அளவுக்கு ஏறலாம். கடையில் வரும் "சோடியம் குறைந்த உப்பு" பைக்கற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொற்றாசியத்தையே. சென்ற ஆண்டுப் பரிசோதனை பழையது. குருதியில் கிரியற்றினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுவது) பொற்றாசியமும் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை இளநீரை வாரத்துக்கு ஒன்றிரண்டுடன் நிறுத்திக் கொள்ளுங்கள்.

வெல்லாவெளி மகள்

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன்; தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ஐயா சொன்னபடி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அந்த வாரமே போனோம். வைத்தியர் உறைகளை மேசையில் கொட்டி எண்ணினார், ஏசவில்லை. எவ்வளவு காலமாக இந்த இருமல் என்று மட்டும் கேட்டார். அம்மா, "உங்களுக்கு எவ்வளவு சனம், என்ர இருமலையும் சொல்லிக்கொண்டு நிக்கிறதா எண்டு விட்டிட்டன் ஐயா" என்றார். குருதிப் பரிசோதனை இரண்டும் சரியாக வந்தன. எனலாப்ரிலை நிறுத்தி லொசார்ட்டன் எழுதினார். அம்லோடிபின் அப்படியே தொடர்கிறது. பெப்தைட்டுப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம், ஒன்றை மாற்றும்போது இன்னொன்றையும் சேர்த்தால் எது என்ன செய்தது என்று தனக்கே தெரியாமல் போய்விடும் என்றார். அது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது.

மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு விழித்துக்கொண்டு, ஏன் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று யோசித்தேன். அம்மா இருமாமல் உறங்கிக்கொண்டிருந்தார்.

கருவாட்டை முழுமையாக விடச் செய்ய முடியவில்லை. வாரத்தில் ஒருநாள் என்று பேசி முடித்திருக்கிறோம். நிந்தவூர்ச் சகோதரர் சொன்னபடி சாளை ஆணம் காய்ச்சினேன். முதல் நாள் "உப்பில்லாத வீடு" என்று சொன்னவர் நேற்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மதியம் ஒரு சின்னக் கோப்பைத் தயிர் தொடர்கிறது, சீனி இல்லாமல். மாத முடிவில் உறையில் மிச்சம் இரண்டு குளிசைதான். அந்த இரண்டு நாளும் சித்தியின் வீட்டில் தங்கியிருந்தார், கொண்டுபோக மறந்துவிட்டாராம்.

அண்ணன் அடுத்த போத்தலை அனுப்பவில்லை. நான் இந்த உரையாடல் முழுவதையும் அவருக்கு அனுப்பியிருந்தேன். அதற்குப் பதிலாகக் குருதியமுக்கம் அளக்கும் கருவி ஒன்று வந்திருக்கிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேசையில் இதயத்தின் உயரத்துக்கு வைத்து, தேநீர் குடிப்பதற்கு முன் இரண்டு முறை அளந்து கொப்பியில் எழுதச் சொல்லித் தாதி அக்கா காட்டித் தந்தார். இன்று காலை 138க்கு 84, இரண்டாம் முறை 136க்கு 82. கருவியின் கைப்பட்டி அம்மாவின் மெலிந்த கைக்குச் சற்றுப் பெரிதாகத் தெரிகிறது. பட்டி பெரிதானால் எண் குறைத்துக் காட்டும் என்று கேள்விப்பட்டேன். சிறிய பட்டி தனியாக எங்கே வாங்கலாம் என்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.